காலருக்குத் தைத்த சட்டை

பத்தொன்பது வருஷமாக அவள் தைத்தது காலர் மட்டும்தான். அந்தத் தையல் ஆலையில் ஒரு சட்டை முடிவதற்குள் நாற்பது கை மாறும். சட்டைப்பைக்கு ஒருத்தி, பொத்தான் துளைக்கு ஒருத்தி. அவள் பங்குக்கு நாளொன்றுக்கு முந்நூறு காலர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி. எல்லோருக்கும் அவள் காலர் அக்கா.

ஆலைக்குப் புதிதாக வந்த மனநல ஆலோசகர்தான் குழப்பத்தைத் தொடங்கிவைத்தாள். சின்னப் பெண். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினாள்.

“தூக்கம், சாப்பாடு எல்லாம் சரியா இருக்காக்கா?”

“ஒரு குறையும் இல்லம்மா.”

“வயிறு நிறைஞ்சா மட்டும் மனுஷனுக்குப் போதாதுக்கா. ஒட்டுதலா நாலு பேர் வேணும். நான் இன்னார்னு தெரியணும். இது நான் செஞ்சதுன்னு காட்ட ஏதாவது இருக்கணும். உங்களுக்கு என்ன இருக்கு?”

காலர் என்று சொல்லத் திறந்த வாயை அக்கா மூடிக்கொண்டாள். வெறும் காலரை யார் கழுத்தில் மாட்டிக் காட்டுவது?

அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. மாதிரிச் சட்டை தைக்கும் அறையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே முழுச் சட்டையையும் ஒருவரே தைக்க வேண்டும். வர விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை, தாங்களே வெட்டித் தைத்த சட்டையோடு வரலாம். என்ன தோன்றியதோ, பெயர் கொடுத்துவிட்டாள்.

“சம்பளம் கூடுதலா?” என்றார் கணவர். லாரி ஓட்டுநர், கொக்குக் கழுத்து.

“அதேதாங்க.”

“வேலை குறைச்சலா?”

“கூடத்தான்.”

“அப்புறம் எந்தப் பேய் புடிச்சுது உன்னை?”

“தெரியலையே. அசையாம நில்லுங்க, அளவெடுக்கணும்.”

கழுத்து பதினாலு அங்குலம். சட்டையின் உடல்பகுதியை அளவுப்படிதான் வெட்டினாள். ஆனால் மெஷினில் உட்கார்ந்ததும் கை தானாகக் காலரில் தொடங்கிவிட்டது. முடித்துப் பார்த்தால் ஆலை அளவு, பதினாறு. பிரித்துச் சுருக்கியிருக்கலாம். அத்தனை நேர்த்தியான காலரைப் பிரிக்க மனம் வரவில்லை. சட்டையின் கழுத்தை அகலமாக வெட்டிவிட்டாள்.

போட்டுப் பார்த்த கணவர், “இன்னொரு கழுத்துக்கு இடம் இருக்கே. பக்கத்து வீட்டுக்காரனையும் கூப்பிடவா?” என்றார். சிரிக்கத் தொடங்கியவளுக்கு நடுவில் அழுகை வந்தது. ஏனென்று அவளுக்கே விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை, மாதிரி அறை மாஸ்டர் சட்டையைப் புரட்டினார்.

“யாருக்கும்மா?”

“வீட்டுக்காரருக்கு, மாஸ்டர்.”

“அவர் கழுத்து?”

“பதினாலு.”

அளவு நாடாவைக் காலர்மேல் ஓட்டினார். “நீ அவருக்குத் தைக்கல. காலருக்குத் தைச்சிருக்கே.”

“அப்போ எனக்கு இடம் இல்லையா?”

“இல்லைன்னு சொன்னேனா? திங்கக்கிழமை இன்னொண்ணு கொண்டு வா. காலரைக் கடைசியில தை.”

கிடைத்ததா, கைவிட்டுப் போனதா? ஒன்றும் பிடிபடாமல் தன் இடத்துக்குத் திரும்பினாள். கட்டுக் கட்டாகக் காலர்கள் காத்திருந்தன. முதல் காலரை எடுத்தவள் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

“என்னக்கா, மெஷின் மக்கர் பண்ணுதா?” என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

“இல்லடி. இது யார் கழுத்துக்குப் போகுதுன்னு பாக்கறேன்.”

“எவன் கழுத்தா இருந்தா நமக்கென்ன?”

“அதான் எனக்கும் தெரியல” என்றபடி, துணியை ஊசிக்கடியில் நுழைத்தாள்.