தினேஷுக்கு வந்த முழு மதிப்பெண்

திங்கட்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை அறை. இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

தலைமையாசிரியை. ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியை கோமதி டீச்சர். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஜோசப் அண்ணே – செமோரில் டயர் கடை வைத்திருப்பவர், அவர் பிள்ளையும் ஐந்தாம் ஆண்டுதான். புஷ்பா அக்கா – ஈப்போ பக்கம் கையுறை ஃபேக்டரியில் வேலை, தினேஷின் அம்மா. வாசலோர மேசையில், ஆபீஸ் எழுத்து வேலை பார்க்கும் பள்ளிக் கிராணி சரசு அக்கா. என் மகள் ஹேமா. பதினொரு வயது.

அப்புறம் நான். குவாரியில் கல் ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. 'உடனே வாங்க' என்றார்கள். லாரியை ஓரம் கட்டிவிட்டு அப்படியே வந்தேன். சட்டை முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. நாற்காலியில் வெள்ளையாக அச்சு விழும்.

எங்கள் பள்ளிக்கூடம் சின்னது. பெயரில் மட்டும் இன்னும் எஸ்டேட் இருக்கிறது. சுற்றிலும் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள். ஐந்தாம் ஆண்டில் பத்தொன்பது பிள்ளைகள். இந்த ஆண்டு யாரோ நல்ல மனிதர்கள் பிள்ளைக்கு ஒன்றாக டேப்லெட் கொடுத்தார்கள். வீட்டுக்கும் கொண்டு போகலாம்.

வீட்டுப்பாடம் அதில்தான் வரும். பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினால் அவரவர் அக்கவுண்ட் திறக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு கேள்வி. பக்கத்தில் பார்த்து எழுத முடியாது. நல்ல ஏற்பாடுதான்.

எங்கள் வீட்டில் அந்த டேப்லெட்டுக்கு இருக்கிற மரியாதை எனக்குக் கிடையாது. ஹேமா அதைத் துண்டில் சுற்றித்தான் வைப்பாள். முறுக்கு தின்ற கையோடு நான் பக்கத்தில் போனால் கத்துவாள்.

விஷயத்துக்கு வருகிறேன்.

தினேஷ் நல்ல பையன். கணக்கு வராது. பந்து வரும். ஆனால் மூன்று வாரமாக அவனுடைய கணக்குப் பாடம் முழு மதிப்பெண்ணோடு வந்து விழுந்திருக்கிறது. கோமதி டீச்சருக்குச் சந்தோஷம். புஷ்பா அக்காவுக்கு அதைவிட. ஃபேக்டரியில் தன் லைன் முழுக்கக் கேசரி கொடுத்திருக்கிறார்.

போன சனிக்கிழமை தாப்பாவில் பள்ளிகளுக்கு நடுவே பந்து விளையாட்டு. தினேஷ்தான் கோல் கீப்பர். பிள்ளைகளைக் கூட்டிப் போன கோமதி டீச்சர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். போன் சத்தம் கொடுத்தது. எடுத்துப் பார்த்தால்... தினேஷ் வீட்டுப்பாடத்தை இப்போதுதான் முடித்தான், முழு மதிப்பெண் என்று வந்திருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தார். தினேஷ் கம்பத்துக்கு நடுவில் நின்றான். பந்து அவனைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

எந்த டேப்லெட்டிலிருந்து பாடம் வந்தது என்பதையும் அது சொல்லிவிடுமாம். கோமதி டீச்சர் தேடிப் பார்த்துவிட்டார்.

ஹேமாவுடையது.

"தினேஷோடது மட்டும் இல்ல. ஆறு பேரோட பாடத்தைச் செஞ்சிருக்கா" என்றார் கோமதி டீச்சர்.

நான் லாரிச் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன்.

தலைமையாசிரியை விதியைச் சொன்னார். அடுத்தவர் அக்கவுண்டில் நுழைந்தால், ஆண்டு முடியும் வரை டேப்லெட் வீட்டுக்குக் கிடையாது. கொடுத்த அன்றே எல்லாருக்கும் சொன்னதுதான். எங்கள் வீட்டில் வேறு கணினி இல்லை. இருப்பது என் போன். அது பகல் முழுக்க என்னோடு குவாரியில் கிடக்கும். டேப்லெட் போனால் ஹேமாவுக்கு வீட்டில் ஒன்றும் இல்லை.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன் மவ பெரிய ஹேக்கர் மச்சான்" என்றார் ஜோசப் அண்ணே. "இன்னைக்கு ஸ்கூலு. நாளைக்கு பேங்க்கு. நம்ம லோனையெல்லாம் அழிச்சிருவா லா."

"அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் தலைமையாசிரியை. ஹேமா பக்கம் திரும்பினார். "ஏம்மா செஞ்ச? யாராச்சும் செஞ்சு குடுன்னு கேட்டாங்களா?"

"இல்ல டீச்சர்."

"பின்ன?"

"என்னோடது முடிஞ்சிருச்சு. வாரத்துக்கு இருபது கேள்விதான் வருது. தினேஷோடது அப்படியே கெடந்துச்சு."

"அதுக்கு?"

"வேஸ்ட்டாப் போவுதேன்னு..."

கோமதி டீச்சர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். இருமுவது போலச் செய்தார். இருமல் இல்லை அது.

"சரி, எப்படி உள்ள போன? பாஸ்வேர்டை யார் சொன்னா?"

ஹேமா என்னைப் பார்த்தாள். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லல டீச்சர். எங்கப்பா வச்ச பாஸ்வேர்டை அங்கயும் போட்டுப் பாத்தேன். தொறந்துச்சு."

"என்ன பாஸ்வேர்டு?"

அவள் ஜன்னலைக் காட்டினாள். வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் முனீஸ்வரர் கோயில். பெரிய பெயர்ப்பலகை. தமிழில் ஒரு வரி, கீழே ஆங்கில எழுத்தில் ஒரு வரி.

"அதான். அதுல இருக்கிற மாதிரியே. பின்னால 108."

புஷ்பா அக்கா மெல்லச் சொன்னார்: "ஐயோ... நான் மட்டுந்தான் அப்படி யோசிச்சேன்னு நெனச்சேனே."

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆண்டுத் தொடக்கத்தில் எங்களை மண்டபத்தில் உட்கார வைத்து, பாஸ்வேர்டு வையுங்கள் என்றார்கள். எழுத்தும் இருக்க வேண்டும், எண்ணும் இருக்க வேண்டும், மறக்கவும் கூடாது. ஐந்து நிமிடம் தந்தார்கள். என்ன வைப்பது? ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காவல் தெய்வம் எதிரிலேயே நிற்கிறார். இதைவிட என்ன காவல் வேண்டும்? பலகையைப் பார்த்து எழுத்தை ஒவ்வொன்றாகத் தட்டினேன். எண்ணுக்கு 108. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று எல்லாருமே அந்த ஜன்னலைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"மொத்தம் எத்தனை பேரோடது தொறந்துச்சு?"

"எங்களோடதையும் சேத்து பதினாலு டீச்சர்."

"மீதி அஞ்சு?"

"தொறக்கல."

"அப்ப எல்லாத்தையும் போட்டுப் பாத்திருக்க."

ஹேமா தலையைக் குனிந்தாள்.

ஜோசப் அண்ணே நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க வீட்டுது தொறக்கலல்ல?"

"இல்ல அங்கிள்."

"எப்படித் தொறக்கும்? மாதால்ல காவலுக்கு நிக்கிறாங்க." சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்.

"அண்ணே" என்றார் கோமதி டீச்சர். "இப்ப உங்களோடதையும் சொல்லிட்டீங்க."

அவர் முகம் காற்று இறங்கிய டயர் மாதிரி ஆனது.

புஷ்பா அக்காவுக்கு அப்போதுதான் வேறொன்று புரிந்தது. "அதான் டீச்சர்... நீங்க போன் போட்டப்புறம் நேத்து அவனைக் கேட்டேன். நீ செய்யாம எப்படிடா மார்க்கு வந்துச்சுன்னு. முனி செஞ்சு குடுத்தாருன்னு நெனச்சானாம். அவரு பேரப் போட்டுத்தானம்மா தொறக்கறோம்ங்கிறான்."

தலைமையாசிரியையே சிரித்துவிட்டார். நானும்.

புஷ்பா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "மூனு வாரமா ஃபேக்டரியில எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறேன். அப்ப எம்மவனுக்கு ஒன்னும் தெரியாதா டீச்சர்?"

"தெரியாதுன்னு இல்லக்கா" என்றார் கோமதி டீச்சர். "அவனுக்கு எது தெரியாதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. முழு மார்க்கு வருதேன்னு நானும் மூனு வாரமா அவன் பக்கம் போகவே இல்ல. பின்னம் புரியலன்னு இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன்."

ஹேமா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. வேஸ்ட்டாகப் போகிற கேள்வி என்று நினைத்திருக்கிறாள். அது தினேஷுக்காக வந்த கேள்வி. அவன் தப்பாகச் செய்ய வேண்டியது. அந்தத் தப்பை டீச்சர் பார்க்க வேண்டியது. அதை இவள் எடுத்துக்கொண்டாள். நான் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது.

தலைமையாசிரியை கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ள செஞ்சது தப்பு. ஆறு பேர்கிட்டயும் தனித்தனியாப் போயி மன்னிப்புக் கேக்கணும். டேப்லெட் என்கிட்ட இருக்கட்டும்." எங்களைப் பார்த்தார். "ஆனா கதவே இல்லாத வீட்டுக்குள்ள போனதுக்கு, போன பிள்ளையை மட்டும் தண்டிக்க எனக்கு மனசு இல்ல. வெள்ளிக்கெழம வரைக்கும் டைம். பதினாலு வீட்டுலயும் பாஸ்வேர்டை மாத்துங்க. ஜோசப் அண்ணே, நீங்களும். எல்லாம் மாறியிருந்தா டேப்லெட் வீட்டுக்குப் போகும். ஒன்னு மாறலன்னாலும் ஆண்டுக் கடைசி வரைக்கும் இங்கதான்."

என் மகளின் டேப்லெட் ஊரின் கையில் இருந்தது.

நம் ஆட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலுக்குக் கிரில் போடுவோம். கிரிலுக்கு இரண்டு பூட்டு. சாவியைச் செருப்பு அலமாரிக்குக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போவோம். அடுத்த வீட்டுக்காரரும் அங்கேதான் வைக்கிறார். அவருடையது எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். நம்முடையது அவருக்குத் தெரியாது என்று நம்புவோம்... நிம்மதியாகத் தூங்குவோம்.

செவ்வாய்க்கிழமை முடிந்தது. மாற்றியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் நான்.

காரணம் சோம்பல் என்றுதான் நினைத்தேன். புஷ்பா அக்காவுக்குப் போன் போட்டபோதுதான் தெரிந்தது.

"மாத்தலாம்ணே. ஆனா சாமி பேரை அழிக்கணும்லா. நானா எப்படி அழிக்கிறது? பையனுக்குப் பரீச்சை வேற வருது."

யோசித்துப் பார்த்தேன். நான் மாற்றும்போது எனக்கும் விரல் நின்றது. லாரியில் முன்னால் அவர் படம்தான் இருக்கிறது. 'மன்னிச்சுக்கப்பா' என்று சொல்லிவிட்டுத்தான் அழித்தேன். இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை சாயந்திரம் நாலைந்து பேராகக் கோயிலுக்குப் போனோம். பூசாரியிடம் விஷயத்தைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்.

"பாஸ்வேர்டுன்னா யாருக்கும் தெரியக்கூடாது. அதானே?"

"ஆமா பூசாரி."

"இவரு பேரு ஊருக்கே தெரியும். போர்டு போட்டு வச்சிருக்கோம். இதப் போயி யாருலா வைக்கச் சொன்னது?"

நாங்கள் எல்லாரும் பலகையை அண்ணாந்து பார்த்தோம்.

"மாத்துனா கோவிச்சுக்க மாட்டாரா?" என்று கேட்டார் புஷ்பா அக்கா.

"நீ எத மாத்தி வச்சாலும் அவருக்குத் தெரியாமலா போயிரும்? அவருக்குத் தெரிஞ்சாப் போதும். போயி மாத்து." விபூதி கொடுத்தார். புஷ்பா அக்கா நன்றி சொல்லிவிட்டு, புதிதாக என்ன வைக்கப் போகிறார் என்று ஆரம்பித்தார். பூசாரி கையை உயர்த்தினார். "என்கிட்டச் சொல்லாத. அவர்கிட்டச் சொல்லு."

அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குழுவில் வரிசையாக வந்தது. 'மாத்தியாச்சு.' 'மாத்தியாச்சு.' 'நானும்.' எனக்குப் பாதி உயிர் வந்தது. புஷ்பா அக்கா ஒரு படி மேலே போனார். மாற்றியதற்குச் சாட்சி வேண்டும் என்று, புதுப் பாஸ்வேர்டையே படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டார்.

திரும்பவும் மாற்றினார்.

அந்த வாரம் வீட்டில் ஹேமா சும்மா இருக்கவில்லை. நான் வந்ததும் கேட்பாள். இன்றைக்கு எத்தனை டிரிப்? ஒரு டிரிப்பில் எத்தனை டன்? மழைக்கு எவ்வளவு நேரம் நின்றீர்கள்? பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்காகப் போட்டுத் தள்ளினாள். தினேஷிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டாளா என்று கேட்டேன். கேட்டாளாம். 'பரவால்ல, இந்த வாரமும் செய்வியா' என்றானாம்.

வெள்ளிக்கிழமை. அதே அறை. அதே ஆட்கள். தலைமையாசிரியை எல்லாப் பெற்றோரிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார். ஹேமாவைக் கணினி முன்னால் உட்கார வைத்தார்.

"பழைய பாஸ்வேர்டை ஒவ்வொருத்தர் பேருலயும் போட்டுப் பாரு. தொறக்குதான்னு நாங்க எல்லாரும் பாக்கறோம்."

ஹேமா தட்டினாள். முதல் பெயர். தவறு என்று வந்தது. இரண்டாவது. தவறு. என் வாழ்க்கையில் தவறு தவறு என்று வரும்போது சந்தோஷப்பட்டது அன்றுதான். ஜோசப் அண்ணனுடையதற்கு மாதாவைப் போட்டாள். தவறு. "பாத்தியா" என்றார் அவர். கடைசியாகத் தினேஷ். புஷ்பா அக்கா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தவறு.

நான் மூச்சு விட்டேன்.

தலைமையாசிரியைக்கு மனது நிறைந்துவிட்டது. "பெற்றோரை மட்டும் சொன்னா நியாயம் இல்ல. நம்ம ஆபீஸையும் சோதிச்சிரலாம். ஹேமா, அந்தக் கணினியில போட்டுப் பாரும்மா."

"அது எதுக்கு டீச்சர்..." என்றார் கிராணி சரசு. "அதெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"இருக்கட்டும். போடு."

ஹேமா சரசு அக்கா மேசைக்குப் போனாள். நின்றபடியே தட்டினாள்.

திறந்தது.

சரசு அக்கா மேசைத் துணியை நேராக இழுத்துவிட்டார். ஏற்கனவே நேராகத்தான் இருந்தது. ஜோசப் அண்ணே சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, வெளியே எழுந்து போய்விட்டார்.

தலைமையாசிரியை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார். "ஹேமா... உண்மையச் சொல்லு. இதுக்கு முன்னால இதைத் தொறந்தியா?"

"இல்ல டீச்சர்."

"ஏன்?"

"இதுல கணக்குப் பாடம் வராதே டீச்சர்."

தலைமையாசிரியை இழுப்பறையைத் திறந்தார். டேப்லெட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் கைகளைத் தன் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். சரசு அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, விசைப்பலகையைக் கையால் மறைத்துக்கொண்டு, ஒரு விரலால் தட்ட ஆரம்பித்தார்.

ஆக, எங்கள் பள்ளியில் அந்த வாரம் மாறிய பாஸ்வேர்டுகள், ஆபீஸையும் சேர்த்து: பதினாறு.