படகு ஆணி கெடுத்த பின் அச்சு

ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டு ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஆகவே மீன் ஏற்றும் வானுக்கும் அன்று ஓய்வு. கறள் தின்ற அதன் பின் அச்சை மாற்ற எனக்குக் கிடைத்த ஒரே நாள் அதுதான். திங்கள் விடியற்காலை வான் யாழ்ப்பாணச் சந்தைக்குப் போயாக வேண்டும்.

வாகனத் தொழில்நுட்பப் பயிற்சி முடித்து வந்த நாளிலிருந்து அப்பாவிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வலைகளும் படகு இயந்திரங்களும் கிடக்கும் கொட்டிலில் பாதி எனக்கு வேண்டும். அங்கே வாகனம் திருத்தும் இடம் ஒன்று போட வேண்டும். அப்பா மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை.

"முதல் எங்கட வானைச் செய்து காட்டு, பிள்ளை. பிறகு கதைப்பம்," என்றார்.

தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் தொடங்கினேன். செய்ய வேண்டியவற்றைப் பதினான்கு வரிகளாக எழுதி வானின் கண்ணாடியில் ஒட்டியிருந்தேன். ஐந்து வரிகள் ஒழுங்காக நடந்தன. ஆறாவது, இடதுபக்க ஆணிகளைக் கழற்றுவது. மூன்றில் இரண்டு கறளோடு முனகிக்கொண்டு வந்தன. மூன்றாவது பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. கழற்றியபோது, அதனோடு சேர்ந்து மெல்லிய உருக்கு இழைகளும் சுருண்டு விழுந்தன. ஆணி திருகி ஏறுவதற்கென வானின் சட்டத்துக்குள் ஒட்டியிருக்கும் சுரையின் திருகுப்புரி முழுவதும் அழிந்திருந்தது.

"அது நான் போட்டனான்," என்றார் அண்ணா. "படகு எஞ்சின் பூட்டுற ஆணி. உப்புத் தண்ணிக்கே கறள் பிடிக்காது."

"லேசாப் போனதோ?"

"எங்க போனது! சாவியில பைப்பைக் கொழுவி நல்லா இறுக்கினனான்."

எங்கள் கரையில் யாரும் செய்யக்கூடிய பிழைதான். இங்கே ஒரு ஆணி நல்லதா என்று பார்ப்பது கறள் பிடிக்குமா என்பதை வைத்துத்தான். இரண்டு ஆணிகளுக்கும் தடிப்பு ஒன்று. ஆனால் படகு ஆணியின் புரி அகலமானது, வானின் புரி நெருக்கமானது. அண்ணாவின் பலத்துக்கு முன்னால் நெருக்கமான புரி தோற்றுவிட்டது.

கடலில்லாத நாளென்பதால் அதற்குள் வளவில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் கொட்டிலில் படகு இயந்திரம் திருத்தும் மாமா கதிரையோடு வந்திருந்தார்.

"வெல்டிங் அடிச்சு விடு, பிள்ளை. சாகும்வரைக்கும் கழராது."

"கழராதுதான் மாமா. அடுத்தமுறை அக்சிலைக் கழட்ட வானை வெட்ட வேண்டி வரும். பக்கத்தில எண்ணெய்த் தாங்கியும் இருக்கு."

"படிச்ச பிள்ளையல்லோ," என்று கதிரையை நிழலுக்கு இழுத்துக்கொண்டார்.

தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒன்று, வெல்டிங்: இல்லை. இரண்டு, துளையைப் பெருப்பித்துத் தடித்த ஆணி போடுவது: சுரையின் சுவர் மெலிந்துவிடும், இல்லை. மூன்று, துளையைச் சிறிது பெருப்பித்து, புதிதாகப் புரி வெட்டி, அதற்குள் கம்பிச் சுருள் ஒன்றை இறக்குவது. சுருளின் உட்பக்கம் பழைய அளவுப் புரியாக நிற்கும். வானுக்குரிய ஆணியையே போடலாம். என் பெட்டியில் அந்த அளவுச் சுருள் இரண்டு இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது எங்கும் கிடைக்காது.

துளைத்தேன். புரி வெட்டினேன். துணியால் துடைத்து முதல் சுருளை இறக்கினேன். பாதியில் சிக்கி மடங்கியது.

"வெல்டிங் பிளாண்டைக் கொண்டுவரட்டோ?" என்றார் மாமா.

வானுக்குக் கீழே படுத்தபடியே யோசித்தேன். துளைக்கு மறுபக்க வாசல் கிடையாது. வெட்டிய தூள் உள்ளேயே கிடக்கிறது, சுருள் அதில்தான் முட்டியிருக்கிறது. பயிற்சி நிலையத்தில் தலைக்கு மேலே காற்றுக் குழாய் தொங்கும், எடுத்து ஊதிவிடுவோம். அதனால் என் பதினான்கு வரிகளில் ஊதுவது என்று ஒரு வரியே இல்லை. இந்தப் பிழை என்னுடையது.

"காத்து வேணும். நல்ல அமுக்கத்தோட," என்றேன்.

"காத்தோ? என்னட்ட ஒரு சிலிண்டர் நிறைய இருக்கு!" அண்ணா ஓடினார். அவர் கடலடிக்கு மூழ்கிக் கடலட்டை குளிக்கிறவர். மூச்சுக்காற்றுச் சிலிண்டரை முதுகில் போடாமல் பிள்ளையைப்போல் அணைத்துக்கொண்டு வந்தார். மடங்கிய சுருளைப் பிடுங்கி, கண்ணாடி அணிந்து, குழாயைத் துளையில் வைத்தேன். அண்ணா மெதுவாகத் திறந்தார். கறுத்த தூள் சீறிக்கொண்டு வெளியே வந்தது. தூள் வருவது நிற்கும்வரை மூன்று தரம் ஊதினோம்.

கடைசிச் சுருளைக் கையாலேயே திருகினேன். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. எங்கும் முட்டவில்லை, விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே போய் அமர்ந்தது. பிறகு அண்ணாவும் அப்பாவும் புதிய அச்சைத் தூக்கிப் பிடிக்க, புதிய ஆணி இரண்டு விரலால் கடைசிவரை ஓடியது. இறுக்கம் அளக்கும் சாவியை இழுத்தேன். கிளிக் என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் நான் படித்தேன் என்று தோன்றியது.

மீதி வரிகளை முடிக்கப் பின்னேரம் மூன்று மணியாகிவிட்டது. அப்பா மீன் பெட்டிகளில் கடல்தண்ணீர் நிரப்பி வானில் ஏற்றினார். சந்தைக்குப் போகும் பாரத்தைவிடக் கூடவே ஏற்றினார். இறங்குதுறைவரை, குழி ஒன்றையும் விடாமல் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினார். நான் மறுபடி கீழே போய்ச் சாவியை வைத்தேன். ஆணி அசையவில்லை.

"நிக்குதோ?" என்று குனிந்து கேட்டார் அப்பா.

"ஓம் அப்பா. நிக்குது."

அவர் நிமிர்ந்து கொட்டிலைப் பார்த்தார். "எந்தப் பக்கம் வேணும்?"

"றோட்டுப் பக்கம். வாகனம் உள்ள வர வேணுமே."

"அப்ப என்ர எஞ்சினுகளை எங்க வைக்கிறது?" மாமா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"கடல் பக்கம் வையும்," என்றார் அப்பா. "உம்மட வெல்டிங் பிளாண்டையும் அங்கயே கொண்டு போம்."

நான் எண்ணெய்க் கையோடே, றோட்டுப் பக்கம் கிடந்த முதல் வலையின் ஒரு தலைப்பைப் பிடித்தேன். மறு தலைப்பை அண்ணா பிடித்தார்.