நடுக்கத்தோடு லண்டனுக்குப் போன தாலாட்டு

சிறி அண்ணை போய்விட்டார். இன்று விடிய, நாரந்தனை வீட்டில், நித்திரையிலேயே.

அவருடைய மனைவி மலர் அக்கா போன் எடுத்தபோது நான் காதில் ஹெட்போனோடு இருந்தேன். "வதனி, அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் அழக்கூடக் களைப்பாக இருந்தது...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊர்காவற்றுறையில் ஒரு கடைக்கு மேலே இருக்கும் சின்ன ரெக்கோர்டிங் ஸ்ரூடியோ எங்கள் இருவருடையது. அவர் கீபோர்ட் வாசிப்பார், நான் கொம்பியூட்டரில் பதிவு செய்வேன். கோயில் பாட்டு, பள்ளிக்கூடக் கீதம், வெளிநாட்டுக்காரர் கேட்கும் பிறந்தநாள் பாட்டு... வந்ததெல்லாம் செய்தோம்.

குவான்டைஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. தாளத்துக்கு முன்பின்னாக விழுந்த சுரங்களைக் கொம்பியூட்டர் இழுத்து, கிட்ட இருக்கும் தாளக் கோட்டில் நேராக வைத்துவிடும். இப்போது எல்லோரும் பாவிப்பதுதான். சிறி அண்ணை மட்டும் விடமாட்டார்.

"என்ரை வாசிப்பிலை கை வையாதையும் வதனி. பிழையெண்டால் சொல்லும், திருப்பி வாசிக்கிறன்."

அப்படிப்பட்ட மனுசன் ஒருநாள் வாசித்து முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "அதை ஒருக்கால் குவான்டைஸ் பண்ணிவிடும்."

திரும்பிப் பார்த்தேன். வலது கை மடியில் கிடந்து நடுங்கியது. இடது கையால் அதைப் பொத்திப் பிடித்திருந்தார். நான் திரும்பிப் பொத்தானை அழுத்தினேன்.

அதற்குப் பிறகு எல்லாப் பாட்டுக்கும் குவான்டைஸ். வாடிக்கையாளர் ஒருவர் கேட்டுவிட்டு, "இப்ப முந்தியிலும் பாக்கச் சுத்தமா வாசிக்கிறியள் அண்ணை" என்றார். சிறி அண்ணை முன்னால் இருந்த தேத்தண்ணியைத் தொடாமலே "ஓம் ஓம்" என்றார்.

பிறகு இறுப்பிட்டி ஊர்க்காரர் கேட்ட ஒரு திருவிழாப் பாட்டு. பொத்தானை அழுத்தினேன்... பாட்டு நொண்டியது.

சில சுரங்கள் மிகவும் பிந்தி விழுந்திருந்தன. அதனால் தங்கள் இடத்துக்குத் திரும்பாமல் அடுத்த கோட்டில் போய் ஒட்டிக்கொண்டன. நேராகத்தான் நின்றன. பிழையான இடத்தில்.

"உம்மடை கொம்பியூட்டர் என்னவாம்?"

"அதுக்குக் கிட்ட இருக்கிற கோட்டைத்தான் தெரியும் அண்ணை. நீங்கள் எங்கை அடிக்க நினைச்சனீங்கள் எண்டு தெரியாது."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் அவ்வளவு தூரம் விலகிப் போட்டன்..."

அன்று பின்னேரம்தான் கை நடுங்குவதை மலர் அக்காவிடம் வாய்விட்டுச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் காட்டியபோது டொக்டர், பார்க்கின்சன் நோய் என்றார். கிளினிக், பஸ், மருந்துக் குளிசை, திரும்பவும் கிளினிக்...

லண்டனில் இருக்கும் மகள் துளசிக்கு மட்டும் சொல்லவில்லை. அவள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. "பிள்ளை பிறக்கட்டும், பிறகு சொல்லுவம்" என்றார். பிறந்தது. பிறகும் சொல்லவில்லை. வீடியோ கோலில் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு கதைப்பார். மலர் அக்கா இதற்காகச் சண்டை பிடித்துப் பிடித்தே ஓய்ந்துபோனார்.

துளசி வயலின் வாசிப்பாள். தன் பிள்ளைக்கு அப்பாவின் கையால் ஒரு தாலாட்டு வேண்டும் என்றாள். தானும் சேர்ந்து வாசிக்க அதை நோட்டேஷனாக, சுரம் எழுதிய தாளாகவும் அனுப்பச் சொன்னாள்.

மெட்டு அவருடையது. வாசித்து முடிக்க ஒரு காலைப்பொழுது முழுவதும் போனது. நோட்டேஷன் சொஃப்ட்வெயாரில் திறந்து பார்த்தால்... ஒவ்வொரு நடுக்கத்தையும் அவர் வேண்டுமென்றே வாசித்தது என்று நம்பி, அது அப்படியே எழுதி வைத்திருந்தது. பக்கம் முழுக்கத் துண்டு துண்டான சுரங்கள், இடையிடையே நுள்ளி வைத்தது போல இடைவெளிக் குறிகள். ஒருவராலும் வாசிக்க முடியாத தாள்.

"நான் ஒவ்வொண்டா எடுத்துச் சரியான இடத்திலை வைக்கிறன் அண்ணை. பாட்டையும் அப்படியே நேராக்கிவிடலாம். துளசிக்கு ஒண்டும் தெரியாது."

அவர் திரையில் இருந்த தாளைத் தொட்டுக் காட்டினார்.

"தாளை நேராக்கும், அவள் பாத்து வாசிக்க வேணும். சத்தத்தை அப்படியே விடும்."

"கேட்டால் விளங்கிப்போகும் அண்ணை..."

"ஓம். வாயாலை சொல்ல ஏலாமக் கிடக்கு, வதனி."

அப்படியே அனுப்பினேன்.

அடுத்த நாள் துளசி எனக்குத்தான் எடுத்தாள். "அக்கா, அப்பான்ரை கைக்கு என்ன?" போனை அவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து படியில் இருந்தேன். "அழாதை அம்மா... அழாதை" என்பது மட்டும் உள்ளேயிருந்து கேட்டது.

லீவு கிடைத்ததும் பிள்ளையோடு வந்து நின்றாள். அந்தக் குஞ்சு, சிறி அண்ணையின் விரலைப் பிடித்துக்கொண்டு, அது ஆடுவது ஏதோ விளையாட்டென்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் ஆட்டிக் காட்டினார்.

அவர்கள் திரும்பிப் போன பிறகு அவர் ஸ்ரூடியோவுக்கு வரவில்லை. படி ஏற முடியவில்லை. நான்தான் இடைக்கிடை நாரந்தனைக்குப் போய் வருவேன். கடைசி மாதங்களில் பேச்சும் குறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்துவிட்டு வருவேன்.

துளசி லண்டனிலிருந்து வந்த பிறகுதான் உடலை எடுப்பார்கள். நான் இப்போது அங்கே வெளிக்கிடுகிறேன். வருகிறவர்கள் இருக்கக் கதிரை எடுக்க வேண்டும், அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டும்... மலர் அக்கா தனிய நிற்கிறார்.

தயவுசெய்து மலர் அக்காவுக்குப் போன் எடுக்காதீர்கள், கதைக்கிற நிலையில் இல்லை. சொல்ல நினைப்பதை இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள். நான் வாசித்துக் காட்டுகிறேன்.

ஆறுதலாப் போங்கோ, சிறி அண்ணை.