நான் கேட்ட மர மில்

என் வீட்டுக்காரர் நிலவழகன் கதவு, நிலை, ஜன்னல் செய்கிறவர். அறந்தாங்கிப் பக்கம் அவர் கை படாத புது வீடு குறைவு. ஆனால் வாய் இல்லாத மனுஷர். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் பேச வேண்டும். பன்னிரண்டு வருஷமாக நான் பேசியதில் முக்கால்வாசி ஒரே பேச்சு: "சொந்தமா ஒரு மர மில்லு போடுங்க."

மரம் அறுக்க எட்டு கிலோமீட்டர் தள்ளி வெள்ளைச்சாமி மில்லுக்குப் போக வேண்டும். டிராக்டர் வாடகை, அறுப்புக் கூலி, பத்து நாள் காத்திருப்பு. எங்கள் தேக்கு உள்ளே போய், யார் வீட்டு வாகையோ வெளியே வந்த கூத்தும் நடந்தது. இவரிடம் சொன்னால், "ஆனையைக் கட்டித் தீனி போடச் சொல்றியா பிரகதீஸ்வரி? கரண்டு பில்லை விடு, ரம்பத்துல மரந்தள்ள ஆளுக்கு எங்க போறது?" என்பார். அதோடு வாய் மூடிக்கொள்ளும்.

போன தை மாதம் ஒரு சவுதிக்காரர் வீட்டுக்கு வாசல் நிலை வைக்க நாள் குறித்துவிட்டார்கள். கைவசம் இருந்தது ரோடு அகலப்படுத்தியபோது ஏலத்தில் எடுத்த வேப்பமரம். பஸ் ஸ்டாப்பில் நின்ற மரம். டியூஷன் விளம்பரம், கண்ணீர் அஞ்சலி என்று ஊரே அதில் ஆணி அடித்திருந்தது. ஆணி இருக்கும் மரத்தை வெள்ளைச்சாமி மில்லுக்குள்ளேயே விடமாட்டார். உட்கார்ந்து பிடுங்கினோம். பதினொன்று வந்தது. பன்னிரண்டாவதன் தலை மட்டும் உடைந்து வந்தது, மிச்சம் உள்ளேயே நின்றது. தோண்டி எடுக்க அரை நாள் ஆகும். மில்லில் எங்கள் முறையோ மறுநாள் காலை.

"இத்தினியூண்டு ஆணி. ரம்பம் தின்னுட்டுப் போயிரும். பூசிவிடுங்க," என்றேன். பசையில் மரத்தூளைக் குழைத்துக் கொடுத்ததும் நான்தான். அவர் அந்த ஓட்டையை ஒரு தரம் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பூசினார். தொழில் தெரிந்த கை, கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

மில்லில் ரம்பத்துக்கு மரம் தள்ளுகிறவர் மூக்கன். இருபது வருஷ அனுபவம். ஒவ்வொரு மரத்தையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்துத்தான் ஏற்றுவார். அன்றைக்கு எங்கள் மரத்தின் மேல் ஒப்புக்கு ஒரு தடவு தடவிவிட்டு, "தம்பி மரத்துல நமக்கென்ன சோதனை," என்று சிரித்தாராம். மூன்றாவது அறுப்பில் ரம்பம் அந்த ஆணியில் பட்டு அறுந்து தெறித்தது. மூக்கனின் வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. இவர்தான் துண்டைச் சுற்றி, ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மரம் வளரும்போது விழுங்கிய பழைய ஆணி என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். நாங்களும் ஆமாம் என்றோம். சொந்த மில்லாக இருந்து, ரம்பத்துக்கு எதிரில் இவர் கை இருந்திருந்தால், அந்த ஆணியை நான் பல்லால் கடித்தாவது பிடுங்கியிருப்பேன். அடுத்தவன் கைதானே. பாவி நான்.

நாலு மாதம் கழித்து வெள்ளைச்சாமி மில்லை விற்கப்போவதாகச் சேதி வந்தது. கேட்டதும் என் மனசு குதித்தது. சீ, என்ன ஜென்மம்! இவர் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. அந்தச் சண்டை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை மூக்கன் வீட்டுக்கு வந்தார். காப்பியை இடது கையில் வாங்கிக்கொண்டார்.

"மில்லை நீங்களே எடுத்துக்கங்க தம்பி. வேற ஆளு வந்தா என்னைய உள்ள விடமாட்டான். ஆணி பாக்குற வேலையை எனக்குக் குடுங்க. தடவிப் பாக்க ஒரு கை போதும்ல?"

இவர் உதடு அசைந்தது. வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். என்றைக்கும் பேசாத மனுஷர் அன்றைக்குப் பேசினார்.

"அண்ணே, அந்த ஆணி இருக்குறது எனக்குத் தெரியும். நாந்தான் பூசி மறைச்சேன்."

"நாந்தான் பூசச் சொன்னேன்," என்றேன். வார்த்தை தானாக வந்தது.

மூக்கன் எங்களைத் திட்டவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை. "எந்த எடத்துல?" என்று கேட்டார்.

"அடியிலேர்ந்து மூணடி. மேப்பக்கம்," என்றார் இவர்.

அந்த மரம் எதிரில் கிடப்பதுபோல் அவர் தரையைப் பார்த்து ஏதோ கணக்குப் போட்டார்.

"ஓனருகிட்டச் சொல்லியிருக்க வேணாம். எங்காதோட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒரு இஞ்சு தள்ளி அறுத்திருப்பேன் தம்பி. ஒங்களுக்கு நெலையும் கெடச்சிருக்கும்."

காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். மில்லை யாரோ புதுக்கோட்டைக்காரர் வாங்கினார்.