அக்கா கேட்ட சிப்பி மருந்து

கடல் சிப்பியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுப்பதுதான் சென்னையில் என் வேலை. லெக்டின் என்று பெயர். உயிரணுக்களின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். புற்றுநோய் அணுக்களில் அந்தச் சர்க்கரை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். கண்ணாடித் தட்டில் எங்கள் புரதம் அவற்றைப் பிடித்துக் கொன்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரமே ஆரணியில் உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழா. என் வாய் சும்மா இருக்குமா? சிப்பியிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து வருகிறது என்று பந்தியில் அக்கா உட்பட எல்லோருக்கும் சொன்னேன். செத்தது தட்டில்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். ஆரணியிலிருந்து போய் வந்து மருத்துவமனையில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை போனபோது, உடம்பு தாங்காது, தேறியதும் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்கா சாப்பிடுவதே இல்லை, காரணமும் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று மாமா போனில் அழுதார். அன்றே பஸ் ஏறினேன்.

கட்டிலில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மருந்து எடுத்துகினு வந்தியாடா?"

எந்த மருந்து என்று கேட்டேன். சிப்பி மருந்து என்றாள். நாங்கள் சமணர்கள். முட்டை போட்ட கேக்கைக்கூட அக்கா தொடமாட்டாள். பொழுது சாய்ந்துவிட்டால் எதையும் சாப்பிடவும் மாட்டாள்.

"உயிரைக் கொன்னு எடுத்த மருந்து. அதான் முன்னாடியே பிராயச்சித்தம் பண்ணிட்டேன். நாலு நாளா வெந்நீர் மட்டும்தான் குடிச்சிகினு இருக்கேன். இனி ஊசி போட்டா பாவமில்ல."

எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பந்தியில் சொல்லாமல் விட்டதை இப்போது மெல்லச் சொன்னேன். அது மருந்தே இல்லை. இன்னும் எலிக்குக்கூடப் போடவில்லை. நல்ல ரத்தத்தில் ஒரு சொட்டு விட்டால் சிவப்பணுக்களையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். எந்த மனிதருக்கும் அதை ஏற்ற முடியாது. எப்போது முடியும் என்றும் தெரியாது.

அக்கா அழவில்லை. என் கைகளைப் பார்த்தாள்.

"அப்போ எதுக்குடா அத்தனையும் கொன்னே?"

பதில் இருந்தது. இந்த ஆராய்ச்சி இருபது வருடம் கழித்து யாருக்காவது உதவலாம்.

அதைச் சொல்லாமல் சமையலறைக்கு ஓடி, நானே அரிசிக் கஞ்சி வைத்தேன். ஆற்றி, உப்புப் போட்டு, டம்ளரில் கொண்டுவந்தேன். ஒரு வாய் குடித்தால் போதும், உடம்பு தேறினால் மருத்துவமனையில் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். மாமாவும் கெஞ்சினார்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எதிர்வீட்டில் விளக்குப் போட்டிருந்தார்கள்.

"பொழுது சாஞ்சிடுச்சுடா. இனிமே நான் எப்படிச் சாப்பிடறது? காலையில பார்த்துக்கலாம்."