பரவால்ல என்றால் ஆமாம்

என்னை அந்த வேலையில் போட்டதே தமிழ் தெரியும் என்பதற்காகத்தான். விழுந்து விழுந்து படித்து வாங்கிய பட்டத்தை அங்கே யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. உலு திராமில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை. அதை ஒன்றரை மணி நேரத் தூரத்தில், கடலோரத்தில் இருக்கும் பொந்தியானுக்கு மாற்றப் போகிறார்கள். வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் தமிழர்கள். மலாயில் எதைக் கேட்டாலும் 'போலே, போலே', முடியும் முடியும் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்களாம், அதனால் தமிழில் உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். ஆபீஸில் அப்படி இருந்தது நான் ஒருத்திதான்.

மேனேஜ்மென்ட் கன்சல்டிங் கம்பெனியில் இருக்கிறேன் என்றால், வீட்டுக்கு வருகிறவர்கள் "அப்படின்னா என்னம்மா வேல?" என்பார்கள். முதல் வருஷம் வக்கணையாக விளக்கம் சொன்னேன். இப்போது "கம்பெனிங்களுக்கு யோசனை சொல்றது" என்று முடித்துக்கொள்கிறேன். உள்ளதைச் சொல்வதென்றால், முதலாளி ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்குக் காரணம் தேடிக் கொடுப்பதுதான் பாதி வேலை. அவரே சொன்னால் பிடிவாதம், அதையே நாங்கள் ஸ்லைடில் போட்டுச் சொன்னால் ஆய்வு. இதற்குத்தான் டை கட்டிக்கொண்டு நாலு பேர் போகிறோம்.

மீதி வேலை ஸ்லைடுதான். காலையில் பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டிலிருந்து காரை எடுத்தால், தொழிற்சாலையில் எங்களுக்கு ஒதுக்கிய பயிற்சி அறையில் போய் உட்காரவேண்டியது. ஏர்கான் எலும்புவரை குளிரும், ரிமோட்டைக் காணோம் என்பார்கள். ஒரு கட்டத்தை இடது பக்கம் நகர்த்து, பச்சையை நீலமாக்கு, 'பிரச்சினை' என்று போடாதே 'வாய்ப்பு' என்று போடு. ஆட்களை ஆட்கள் என்று எழுதக்கூடாது, ஹெட்கவுண்ட். சாயங்காலம் பார்த்தால் காலையில் இருந்த இடத்துக்கே அந்தக் கட்டம் திரும்பி வந்திருக்கும். யாரும் எரிச்சல்படுவதில்லை, நானும் படுவதில்லை.

மூன்றாவது வருஷத்தில்தான் கவனித்தேன், எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. வேறொரு கம்பெனியில் வேலை போகப் போகிற ஒருத்தர் என் எதிரே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, லேப்டாப்பில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். கல்நெஞ்சக்காரி என்று யாராவது திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. அந்த வருஷம் என் வேலைத்திறன் அறிக்கையில் 'நிதானமானவர்' என்று எழுதினார்கள்.

உலு திராமில் எங்கள் குழுத் தலைவர் கோலாலம்பூரிலிருந்து வந்த சீனர். கெட்டவர் இல்லை. தினமும் எல்லாருக்கும் கோப்பி வாங்கித் தருவார், யார் சீனி போடமாட்டார்கள் என்பதுவரை அவருக்கு ஞாபகம் இருக்கும். கேள்வித்தாளை அவர்தான் தயாரித்தார். பதினோரு கேள்வி, ஓர் ஆளுக்குப் பத்து நிமிஷம். முதல் பத்தும் சும்மா ஒப்புக்கு. எத்தனை வருஷமாக வேலை, எந்த மெஷின், அப்படி. பதினோராவதுதான் கேள்வி: பொந்தியானுக்கு மாற்றினால் போவீர்களா? அதற்கு இரண்டே கட்டம், ஆமாம், இல்லை. 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்று மூன்றாவது கட்டம் ஒன்று முதலில் இருந்தது. அதை அவரே எடுத்துவிட்டார். அதை வைத்தால் எல்லாரும் அதில் போய் உட்கார்ந்துகொள்வார்கள் லா என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

மூன்றாம் நாள் ஓர் அக்கா வந்தார். ஐம்பது வயதிருக்கும். நீலச் சட்டை, தலையில் வலைத் தொப்பி, காதோரம் அதன் தடம். "வணக்கம் மேடம்" என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான் தமிழில் பேசியதும் முகமே மாறிவிட்டது. "அட, நம்ம புள்ளயா! நான் வேற மலாய்ல என்னென்ன சொல்லணும்னு காலையிலேர்ந்து மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தேன்" என்று சிரித்தார். அதற்கப்புறம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

பத்துக் கேள்விக்குள் அவர் வீடே என் மேசைக்கு வந்துவிட்டது. புருஷன் இல்லை. ஒரே மகள், இருபத்திரண்டு வயது. பிறந்ததிலிருந்தே மூளை வளர்ச்சி குறைவு. பகலில் பக்கத்திலேயே ஒரு பராமரிப்பு நிலையத்தில் இருப்பாள். மூன்று மணிக்கு அதை மூடிவிடுவார்கள். அக்காவுக்குக் காலை ஷிப்ட், ரெண்டரைக்கெல்லாம் மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவார். "அவ கேட்டுலேயே நிப்பாம்மா. வேற யார் வந்து கூப்பிட்டாலும் நகரமாட்டா. ஒருநாள் எனக்குக் காச்சல், பக்கத்து வீட்டு அம்மாவ அனுப்பினேன். அலமாக்! கேட்டக் கட்டிப் புடிச்சிக்கிட்டு ஒரே கத்தல். அப்புறம் நானே காச்சலோட போயிக் கூட்டிக்கிட்டு வந்தேன்." இதைச் சொல்லும்போதும் சிரித்தார். மகளைப் பற்றிக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது அந்தச் சிரிப்பில்.

நான் பதினோராவதைக் கேட்டேன். "பொந்தியானுக்கு மாத்தினா போவீங்களாக்கா? கம்பெனி பஸ் விடுவாங்க. விடிகாலை அஞ்சு மணிக்கு எடுத்தா ராத்திரி ஏழு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம்."

"பரவால்லம்மா" என்றார்.

சொல்லும்போது வலது கையைக் கொஞ்சம் தூக்கி, உள்ளங்கையை என் பக்கம் காட்டினார். விருந்தில் இன்னொரு கரண்டி சோறு போட வருகிறவரிடம் இலையை மறைப்போமே, அதேபோல. தமிழ் பேசுகிற எவருக்கும் இது விளங்கும். காலை மிதித்துவிட்டு சாரி சொன்னால் பரவால்ல. உடம்பு எப்படி இருக்கிறது என்றால் பரவால்ல. வீட்டுக்கு வந்தவரிடம் டீ போடவா என்றால், அதற்கும் பரவால்ல. அங்கே அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லத் தெரியாத சனங்கள் நாம். அதுவும் அக்கா அந்தக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. என்னிடம் எப்படிச் சொல்வார்? நான் 'நம்ம புள்ள' வேறு.

அவர் போனதும் இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டிருக்க வேண்டும். அடுத்த ஆள் கதவைத் தட்டிவிட்டார். ஓரத்தில் அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் கிறுக்கிவிட்டு, பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் குழுத் தலைவர் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தாளில் நிறுத்தினார். "இது என்ன, பரவாலா?"

"இட்ஸ் ஓகேன்னு அர்த்தம்" என்றேன்.

"ஓகேன்னா? யெஸ்தானே?"

அகராதியைத் திறந்து பார்த்தால் நான் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. அன்றைக்கு மட்டும் பதினாறு பேரிடம் பேசியிருந்தேன், தொண்டை கட்டியிருந்தது. மகள், கேட், மூன்று மணி என்று ஆரம்பித்தால் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். அதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க வேண்டும் என்று நினைத்ததுமே எனக்கு அலுப்பாக இருந்தது. "யெஸ்" என்றேன். அவர் டிக் போட்டார். அடுத்த தாளுக்குப் போய்விட்டோம்.

தமிழ் தெரியாத ஒருத்தி இதைச் செய்திருந்தால் பிழை என்று விட்டுவிடலாம். நான் செய்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரிந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் ரொட்டி சானாய் ரெண்டு கட்டிக்கொண்டு போய், சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

ஒரு மாதத்தில் கடிதங்கள் கொடுத்தார்கள். ஆமாம் சொன்னவர்களுக்கெல்லாம் பொந்தியான். மறுநாள் மத்தியானம் பயிற்சி அறைக்கு வெளியே அக்கா நின்றுகொண்டிருந்தார். கடிதத்தை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா நெனச்சுக்காதீங்க. நான் அன்னிக்கு போறேன்னா சொன்னேன்?"

நான் அந்தக் கடிதத்தைப் பார்த்தேன்.

"ஆபீஸ்ல கேட்டேன். நீதான் இன்டர்வியூல யெஸ் சொல்லியிருக்கேங்கிறாங்க. போகலன்னா வேலைய விட்டுடணுமாம். நான்தான் வெளங்குற மாதிரி சொல்லலையோ என்னமோ. உங்க மேல ஒண்ணும் இல்லம்மா." கடிதத்தை விரித்து மறுபடியும் மடித்தார். "எனக்கு அவள மூணு மணிக்குக் கூப்பிடணும். அது ஒண்ணுதான். வேற எந்த வேல குடுத்தாலும் செய்வேன். கக்கூஸ் கழுவச் சொன்னாலும் கழுவுவேன். இங்கயே இருந்தாப் போதும்."

"நான் கேட்டுச் சொல்றேன்க்கா" என்றேன்.

"கேட்டுச் சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா கேப்பாங்க" என்று என் முழங்கையை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

கேட்பதற்கு வழியும் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். அந்த வாரமே தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி எங்கள் அறைக்கு வந்தார். மலாய்க்காரப் பெண்மணி, இரக்க குணம். ஸ்டோர் மட்டும் உலு திராமிலேயே இருக்கப் போகிறது, சில பேருக்கு அங்கே இடம் இருக்கிறது, வரமுடியாது என்று சொன்னவர்களில் வீட்டுக் கஷ்டம் உள்ளவர்களுக்குத்தான் முதலில் கொடுக்கப் போகிறேன் என்றார். பட்டியலில் ஏதாவது திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார், பேட்டி எடுத்தது நான் என்பதால்.

வெள்ளிக்கிழமை காலை ஃபைலைத் திறந்தேன். அக்காவின் வரியைத் தேடி எடுத்தேன். ஆமாம் என்பதை இல்லை என்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மாற்றினால் கூட்டுத்தொகை மாறும். அந்தத் தொகை ஏழாவது ஸ்லைடில் இருக்கிறது. அந்த ஸ்லைடை டைரக்டர்கள் பார்த்துத் தலையாட்டியாகிவிட்டது. ஏன் மாறியது என்று குழுத் தலைவர் கேட்பார், நான் தப்பாக மொழிபெயர்த்தேன் என்று சொல்ல வேண்டும். அவர் என்னைக் கடித்துத் தின்றுவிடமாட்டார். முகத்தைச் சுளித்துவிட்டுத் திருத்தச் சொல்லியிருப்பார். பத்து நிமிஷ வேலை.

பயந்தேன் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். பயப்படவில்லை. மனசு அடித்துக்கொண்டது என்று எழுதினால் இன்னும் வசதி. அதுவும் இல்லை. அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது ஒரு வரியாகவே இருந்தது. மெயிலில் வேறெதுவோ வந்தது, அதைத் திறந்தேன். சாப்பாட்டு நேரம் வந்தது, எல்லாரோடும் போய் நாசி லெமாக் சாப்பிட்டேன். திரும்பி வந்து வேறொரு ஸ்லைடு. ஐந்து மணிக்கு, திருத்தம் ஏதும் இல்லை என்று மனிதவள அதிகாரிக்குக் குழுத் தலைவர் எழுதினார். என்னையும் அதில் சேர்த்திருந்தார். நான் படித்தேன்.

அடுத்த வாரம் எங்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது. அக்கா என்னைத் தேடி வந்தாரா இல்லையா தெரியாது. அந்த அறையைக் காலி செய்துகொடுத்துவிட்டோம்.

மாற்றம் எப்படிப் போகிறது என்று பார்த்து அறிக்கை கொடுக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால், சில மாதம் கழித்து என்னைப் பொந்தியானுக்கு அனுப்பினார்கள். இந்தத் தடவை நான் மட்டும். புதுக் கட்டடம், கடல் காற்று, கேன்டீன் நன்றாகவே இருந்தது. கேன்டீனிலேயே ஒரு மேசை போட்டு உட்காரவைத்தார்கள். ஐந்து கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண்.

வரிசையில் ஏழாவதோ எட்டாவதோ, அக்கா வந்து உட்கார்ந்தார். இளைத்திருந்தார். "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று அவர்தான் முதலில் கேட்டார்.

"மகள்..." என்றேன்.

"குளுவாங்ல ஒரு ஹோம்ல விட்டிருக்கேன்மா. நல்லவங்கதான். என்ன பண்றது, ஏழு மணி வரைக்கும் யாரு வச்சிருப்பா? மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம போய்ப் பாக்குறேன்." மேசையில் இருந்த என் பேனாவை நேராக நகர்த்தி வைத்தார். "மொதல்ல ரெண்டு வாரம் சாப்புடவே இல்லன்னாங்க. கேட்டுலேயே போயி நின்னாளாம், மழைன்னாலும். தெனமும் ரெண்டு பேரு தூக்கிக்கிட்டு வந்து உள்ள விடணுமாம்."

"இப்ப?"

"இப்ப நிக்கிறதில்ல" என்றார். "போன தடவ நான் போனப்ப என்னப் பாத்தா. பாத்துட்டு டிவி பக்கம் திரும்பிக்கிட்டா."

அவர் அழவில்லை. எனக்குத்தான் அந்தக் கேன்டீனிலேயே எழுந்து நின்று கத்த வேண்டும்போல இருந்தது, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக. நான் கத்தவில்லை. மன்னிச்சுக்குங்கக்கா, நீங்க வேண்டாம்னுதான் சொன்னீங்க, எனக்கு அன்னிக்கே தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. தாளைப் பார்த்து முதல் கேள்வியைப் படித்தேன். "புதிய இடத்துக்கு மாறியதில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி? ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் சொல்லணும்க்கா."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது, அவருக்கு எல்லாம் தெரியும், ரொம்ப நாளாகவே தெரியும்.

"நீங்களே போட்டுக்குங்கம்மா" என்றார். "போன தடவையும் நீங்கதானே போட்டீங்க."

எழுந்து நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு மெஷினுக்குப் போனார். பின்னால் நின்றவர் வந்து உட்கார்ந்துவிட்டார். காலியாக விட்டால் அந்தத் தாள் செல்லாது. நான் எல்லாவற்றிலும் நாலு என்று போட்டேன்.