கயிற்றுக் கிடங்கின் கதவு

பேய் பிசாசை நான் நம்பியதே இல்லை, இன்றைக்கும் நம்பவில்லை. நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். கோர்ட்டில் நாலு பேர் சிரிக்கச் சிரிக்கச் சத்தியம் பண்ணிச் சொன்னவன் நான், உங்கள் சிரிப்புக்கா பயப்படப் போகிறேன்?

டிராம் ஓடிக்கொண்டிருந்த காலம். நான் புது வக்கீல். தனக்காகப் பேச முடியாதவர்கள் மேல் வழக்கு வந்தால், அவர்கள் பக்கம் நிற்பதற்குக் கோர்ட்டே ஒரு வக்கீலைக் கார்டியனாகப் போடும். அப்படி என் பொறுப்பில் வந்தவள் அந்தோணியம்மாள். ராயபுரத்து விதவை, பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அவளுக்குப் பைத்தியம், அவள் வீட்டை என் கையில் கொடுங்கள் என்று கொழுந்தன் சூசை மனு போட்டிருந்தான். கார்டியன் அவளை நேரில் பார்த்து அறிக்கை தரவேண்டும். யார் பார்த்தார்கள்? மனு போட்டவன் வீட்டிலேயே காபி குடித்துவிட்டு, 'பார்த்தேன், ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கொடுப்பதுதான் எங்களில் பலருக்கு வழக்கம். வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன், நானும் அறிக்கையை முன்கூட்டியே எழுதி எடுத்துக்கொண்டுதான் போனேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

நல்ல உச்சி வெயில். சூசை படகுக்காரர்களுக்குக் கயிறு விற்கிறவன். அவன் வீட்டில் காபி வந்தது.

"அண்ணி எண்ணூருக்குப் போய்க்கீது சார், ஒறவுக்காரங்க வூட்டுக்கு. நீங்க கையெய்த்துப் போட்டுக் குடுங்க. அது வந்து இன்னா பேசவா போவுது?" என்று சிரித்தான்.

பைத்தியம் என்று மனு, தனியாக ஊருக்குப் போயிருக்கிறாள் என்று பேச்சு. உறுத்தியது. உறுத்தியும் பேனாவைத் திறந்தேன் பாருங்கள், அவ்வளவு பெரிய யோக்கியன் நான். விரலில் மை ஒழுகியது, கழுவுவதற்காகக் கொல்லைப்புறம் போனேன். அங்கே கயிற்றுக் கிடங்கு, புதுப் பூட்டு, வாசற்படியில் ஒரு அலுமினியத் தட்டில் காய்ந்த சோறு. கயிறு எப்போது சோறு தின்றது? கதவை இரண்டு தட்டுத் தட்டினேன்.

உள்ளிருந்து இரண்டு தட்டு வந்தது.

"எலி சார் அது" என்றான் பின்னாலேயே வந்த சூசை.

"எலிக்கு எண்ணத் தெரியுமாய்யா?" என்று கேட்டுவிட்டு ஐந்து தட்டினேன். நிதானமாக ஐந்து வந்தது. கொஞ்சம் விட்டு, இன்னும் ஒன்று. கையைக் கதவிலிருந்து வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.

"சாவியைக் கொண்டா."

"சாவி இல்ல சார். சும்மா இன்னாத்துக்குப் பேஜாரு பண்றே?"

அறிக்கையை அவன் முகத்துக்கு முன்னாலேயே கிழித்துப் போட்டேன். தெருவுக்குக் கேட்கக் கூச்சல் போட்டேன். போலீஸ்காரர் வரும்வரை கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன், என்னைத் தள்ளிவிட்டு ஒருத்தன் உள்ளே போகட்டும் பார்க்கலாம் என்று.

பூட்டை உடைத்தோம். கிடங்கின் கோடியில், ஒரு தூணோடு சேர்த்து, அவன் விற்கிற கயிற்றாலேயே அவளைக் கட்டியிருந்தான். முகம் சுவரைப் பார்த்திருந்தது, கைகள் பின்னால் கட்டுண்டு கறுத்து வீங்கியிருந்தன, உயிர் இருந்தது. கதவுக்கும் அவளுக்கும் நடுவே இருபது தப்படிக்குக் குறையாது. உள்ளே வர வேறு கதவு இல்லை, ஒரு ஜன்னல்கூட இல்லை. போலீஸ்காரர் கயிற்றுச் சுருள்களை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"யாரோ தட்னாங்கன்னியே சார், யாரு தட்னது?"

எனக்கென்ன தெரியும்?

விசாரணையில் சூசையின் வக்கீல் இதைத்தான் பிடித்துக்கொண்டார். "செவிட்டுப் பெண், கை கட்டுண்டு கிடந்தவள், வந்து கதவைத் தட்டினாளா? இல்லை பேய் தட்டியதா?" சபையே சிரித்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "பேயோ பூதமோ, யார் தட்டினால் என்ன? கட்டிப் போட்டது பேய் இல்லையே! கையெழுத்துப் போட இருந்தவன் நான், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். எழுதினார்கள். மனு தள்ளுபடி ஆனது, வீடு அவளுக்கே நின்றது, சூசை கம்பி எண்ணினான்.

ஒன்று பாக்கி. சாட்சி சொல்லும்போது, நான் எத்தனை தட்டினேன், எத்தனை திரும்பி வந்தது என்று நீதிபதி கேட்டார். ஐந்து விரலைக் காட்டி, கடைசியாகத் தட்டியதும் ஐந்து, திரும்பி வந்ததும் ஐந்துதான் என்றேன். அந்தக் கடைசித் தட்டை நான் யாரிடமும் சொல்லவில்லை, பயத்தில் எண்ணிக்கை தப்பியிருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்தி வைத்திருந்தேன்.

முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தோணியம்மாள் என் விரல்களைப் பார்த்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். தன் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். பிறகு மறு கையைத் தூக்கி, இன்னும் ஒரு விரல் காட்டினாள்.